ஊனத்திலும் ஜாதியா?

அமெரிக்கா தேசத்தில் கை கால் இழந்தவர்களுக்கும், கண் தெரியாதவர்களுக்கும், தீராத வியாதியால் வேலை செய்ய முடியாதவர்களுக்கும் சர்க்காரே மாதாமாதம் படி கொடுக்கின்றது என்று கேட்டதும், நமது மக்களில் பலர் "ஆஹா, அதுவல்லவோ அரசாட்சி!" என்று வாயைப் பிளந்து விடுகின்றார்கள். கொடுப்பது வாஸ்தவந்தான். அதை நாம் குறை கூற வரவில்லை. ஊனத்தை முன்ஜென்மப் பாவத்தின் பலன் என்று சொல்லி, ஊனப்பட்டவனைக் கோவில் வாசலில் உட்கார வைத்து, சில்லறை போட்டுப் புண்ணியம் தேடிக் கொள்ளுகின்ற வழக்கத்தைவிட, வரிப்பணத்திலிருந்து கணக்குப் பார்த்துக் கொடுப்பது ஆயிரம் பங்கு மேலானதென்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகின்றது, யாருக்கு எந்த வாசல் வழியாகக் கொடுக்கப்படுகின்றது என்பதைச் சற்று உள்ளே புகுந்து பார்த்தோமானால், முன்ஜென்மம் பேசாத தேசத்திலும் ஒருவித ஜாதிப் பிரிவினை இருந்து வருவது விளங்கும்.

அங்கே இருப்பது ஒரு படியல்ல, இரண்டு. ஒன்றுக்கு சோஷியல் செக்யூரிட்டி டிசெபிலிட்டி இன்ஷூரன்ஸ் என்று பெயர். மற்றொன்றுக்கு சப்ளிமெண்டல் செக்யூரிட்டி இன்கம் என்று பெயர். வாசகர்களின் சௌகரியத்துக்காக முதலாவதை இன்ஷூரன்ஸ் படி என்றும், இரண்டாவதைத் துணைப்படி என்றும் அழைப்போம். இரண்டையும் நடத்துவது ஒரே இலாகா. விண்ணப்பம் வாங்குவது ஒரே ஆபீஸ். வயது வந்தவர்களைப் பொறுத்தவரை ஊனம் என்றால் என்ன என்று சட்டம் சொல்லுவதும் இரண்டுக்கும் ஒன்றேதான். அதாவது, டாக்டர்களால் நிரூபிக்கக்கூடிய உடற்குறை அல்லது மனக்குறை ஒன்றால், குறிப்பிடத்தக்க சம்பாத்தியம் எதுவும் செய்ய முடியாமல், அந்த நிலைமை 12 மாதமாவது நீடிக்கக்கூடியதாகவோ மரணத்தில் முடியக்கூடியதாகவோ இருக்கவேண்டும் என்பதாகும். 2025-ம் வருஷத்தில் மாதம் 1,620 டாலருக்கு மேல் சம்பாதிக்க முடிந்தவன், கண் தெரியாதவனாக இருந்தாலொழிய, ஊனமுற்றவனாக மாட்டான் என்று வைத்திருந்தார்கள்.

ஆகவே, ஒரே முதுகெலும்பு முறிவு, ஒரே டாக்டர் சர்டிபிகேட்டு, ஒரே உத்தியோகஸ்தர். இதற்குப் பிறகுதான் பங்கீடு ஆரம்பிக்கின்றது.

முதலாவது வாசலைப் பார்ப்போம். கூலி வாங்குகின்ற ஒவ்வொருவன் சம்பளத்திலும் நூற்றுக்கு 6.2 பிடித்துக் கொள்ளுகின்றார்கள். முதலாளியும் அதே அளவு கட்டவேண்டும். இதில் பெரும்பகுதி முதுமைப் பென்ஷனுக்குப் போக, நூற்றுக்கு 0.9 வீதம் இரண்டு பக்கத்திலிருந்தும் ஊன இன்ஷூரன்ஸ் நிதிக்குப் போகின்றது. வேலை செய்த காலத்தை "கிரெடிட்" என்று எண்ணுகின்றார்கள். வருஷத்துக்கு 4-க்கு மேல் கிடையாது. சாதாரணமாக 40 கிரெடிட்டு இருக்கவேண்டும். அதில் 20 கடைசிப் பத்து வருஷத்துக்குள் சேர்ந்ததாக இருக்கவேண்டும். வாலிபர்களுக்கு இதைவிடக் குறைவு போதும். இந்தக் கணக்கு சரியாக இருந்துவிட்டால், அவன் வீட்டில் எவ்வளவு சொத்திருக்கின்றது, பாங்கியில் எவ்வளவு இருக்கின்றது, மனைவி என்ன சம்பாதிக்கின்றாள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அவன் முன்பு வாங்கிய சம்பளத்தை அனுசரித்துப் படி கிடைக்கும். 2025-ம் வருஷ ஆரம்பத்தில் இது சராசரி மாதம் சுமார் 1,580 டாலர். அவனுடைய சிறு பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்தப் படிகூடச் சும்மா வந்துவிடவில்லை. 1935-ம் வருஷத்தில் பிரசிடெண்டு ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தில் முதுமைப் பென்ஷன் இருந்ததேயொழிய இது இல்லை. 1956-ல் இதைச் சேர்க்க முற்பட்டபோது டாக்டர்களின் பெரிய சங்கமே எதிர்த்து நின்றது. செனட் சபையில் 47-க்கு 45 என்ற மயிரிழையில் பிழைத்தது. அப்போதும் 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மாத்திரமே கொடுத்தார்கள். 30 வயதில் இயந்திரத்தில் கையைப் பறிகொடுத்தவன் இன்னும் 20 வருஷம் காத்திருக்க வேண்டியதுதான்! 1960-ல்தான் அந்த வயது நிபந்தனை ஒழிந்தது.

இனி இரண்டாவது வாசல். பிரசிடெண்டு நிக்ஸன் 1972-ல் கையெழுத்திட, 1974 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இதற்குக் கிரெடிட்டு தேவையில்லை. பணம் பொது வரியிலிருந்து வருகின்றது. ஊனமுற்றவனோ, கண் தெரியாதவனோ, 65 வயது ஆனவனோவாக இருந்து, அத்தோடு பரம ஏழையாகவும் இருக்கவேண்டும். 2025-ல் தனி ஆளுக்கு அதிகபட்சம் மாதம் 967 டாலர். வருஷத்துக்கு 11,604 டாலர் ஆகின்றது. அதே சர்க்கார், அதே வருஷத்தில், தனி ஆள் ஒருவனுக்கு வறுமைக் கோடு என்று எழுதி வைத்திருந்ததோ 15,650 டாலர். ஆகவே, அதிகபட்சப் படியை ஒரு செல்லாக் காசு குறையாமல் வாங்கினாலும் சர்க்கார் கணக்குப்படியே அவன் வறுமையில்தான் இருப்பான். சில மாகாணங்கள் மேற்கொண்டு கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.

பரம ஏழை என்பதற்கு அளவு என்னவென்றால், கையிருப்பு 2,000 டாலருக்கு மேல் இருக்கக்கூடாது, தம்பதிகளானால் 3,000. குடியிருக்கும் வீட்டையும் ஒரு வண்டியையும் விட்டுவிடுகின்றார்கள். இந்த 2,000 என்கின்ற எல்லை 1989-ல் வைத்தது. அதற்குப் பிறகு விலைவாசி இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியாகிவிட்டது. எல்லை மாத்திரம் 2025 முடிய அசையவில்லை. உயர்த்த வேண்டுமென்று மசோதாக்கள் பல தடவை வந்தும் ஒன்றும் நிறைவேறவில்லை. 2,000 டாலருக்குமேல் சல்லிக்காசு சேர்த்தாலும் அந்த மாதப் படி போயிற்று. தேசம் முழுவதும் "சிக்கனமாயிரு, சேமித்து வை" என்று உபதேசம். ஊனமுற்ற ஏழைக்கு மாத்திரம் "சேமித்தாயோ, தண்டனை" என்று சட்டம்!

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், தன்னைப் புதைப்பதற்கென்று தனியாக 1,500 டாலர் வரையில் ஒதுக்கி வைத்தால் அதை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கல்லறைக்கு வாங்கிய நிலத்தையும் சேர்க்க மாட்டார்கள். உயிரோடிருந்து சாப்பிடுவதற்குச் சேர்த்தால் குற்றம், செத்த பிறகு மண்ணுக்குள் போவதற்குச் சேர்த்தால் குற்றமில்லை. இதை எழுதின மகான் யாரோ, மறுமையில் நம்பிக்கையுள்ளவராகத்தான் இருந்திருக்கவேண்டும்.

2014-ல் ஒரு சட்டம் செய்து, வாலிப வயதுக்குள் ஊனமடைந்தவர்கள் தனிக் கணக்கொன்றில் ஒரு லட்சம் டாலர் வரையில் வைத்துக் கொள்ளலாம் என்றார்கள். 26 வயதுக்குமுன் ஊனம் நேர்ந்திருக்க வேண்டுமென்பது விதி. 2026 ஜனவரி முதல் அதை 46 வயதாக்கியிருக்கின்றார்கள். நல்லதுதான். ஆனால் 47-வது வயதில் பக்கவாதம் வந்தவன் செய்த பாபம் என்ன என்பது நமக்கு விளங்கவில்லை.

துணைப்படி வாங்குகின்றவன் தன் சகோதரன் வீட்டில் வாடகையில்லாமல் இருந்தால், அதையும் வருமானமாக மதித்துப் படியைக் குறைக்கின்றார்கள். சகோதரன் போடுகின்ற சோற்றைக்கூட வருமானமென்று எண்ணி வந்தார்கள். சோற்றுக் கணக்கை மாத்திரம் 2024 செப்டம்பர் 30 முதல் விட்டுவிட்டார்கள். ஐம்பது வருஷமாக ஓர் ஏழையின் தட்டில் எத்தனை பிடி விழுந்ததென்று எண்ணிக் கொண்டிருந்ததற்கு எத்தனை குமாஸ்தாக்கள், எத்தனை காகிதம்! அந்தச் செலவையே படியாகக் கொடுத்திருக்கலாம்.

கலியாண விஷயம் இன்னும் மோசம். துணைப்படி வாங்கும் ஓர் ஆணும் பெண்ணும் தனித்தனியாக இருந்தால் 2025-ல் ஆளுக்கு 967 வீதம் 1,934 டாலர். இருவரும் மணம் செய்து கொண்டால் 1,450-தான். மாதம் 484 டாலர் அபராதம்! காதல் மணம், ஜாதி மறுப்பு மணம், சடங்கில்லா மணம் என்றெல்லாம் நாம் இங்கே மன்றாடிக் கொண்டிருக்கின்றோம். அங்கே புரோகிதன் தட்சணை கேட்பதற்குப் பதிலாகச் சர்க்காரே மாதாமாதம் தட்சணை பிடித்துக் கொள்ளுகின்றது. தன் கிரெடிட்டின்மேல் இன்ஷூரன்ஸ் படி வாங்குகின்றவன் யாரை மணந்தாலும் அவன் படியில் ஒரு காசும் குறையாது. அவன் மனிதன், மற்றவன் பிச்சைக்காரன் என்பதுதானே இதற்கு அர்த்தம்?

"பணம் கட்டினவனையும் கட்டாதவனையும் ஒன்றாக நடத்த முடியுமா?" என்று கேட்கின்றவர்கள் உண்டு. கட்டினவனுக்கு ஒரு ரூபாய் அதிகம் கொடுப்பதை நாம் ஆட்சேபிக்கவில்லை. கட்டாதவன் பெட்டியைத் திறந்து பார்ப்பதையும், படுக்கையைப் பிரித்துப் பார்ப்பதையுமே ஆட்சேபிக்கின்றோம். மேலும், கட்டாதவர்கள் யார் யாரென்று நாம் திருப்பிக் கேட்கின்றோம்.

பிறவியிலேயே ஊனமாகப் பிறந்து ஒருநாளும் வேலைக்குப் போக முடியாதவன் எந்தச் சம்பளத்தில் எந்த வரியைக் கட்டியிருப்பான்? கட்ட முடியாமற் போனதற்குக் காரணமே ஊனம். அந்த ஊனத்துக்கு உதவி கேட்டால், கட்டவில்லையே என்று குற்றஞ்சாட்டுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

பிள்ளை பெற்று, வளர்த்து, கிழவன் கிழவிகளைப் பேணி, இருபது வருஷம் அடுப்படியில் வெந்த பெண்ணுக்குக் கிரெடிட்டு ஒன்றுகூடக் கிடையாது. ஏனெனில், அது வேலையல்லவாம். முன்பு ஆபீசில் வேலை பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்காக நின்றுவிட்ட பெண்ணுக்கும், பெரும்பாலும் ஐந்து வருஷம் கழிந்தால் பழைய பாத்தியதை ஒழிந்துபோகின்றது. அதற்குப் பிறகு அவளுக்குக் கை கால் விளங்காமற் போனால் முதல் வாசல் மூடிக்கொள்ளும். இரண்டாவது வாசலுக்குப் போனால், "உன் புருஷன் சம்பாதிக்கின்றானே" என்று அவன் வருமானத்தை அவள் தலையில் ஏற்றி, அதையும் மூடுகின்றார்கள். புருஷன் கட்டிய பணத்தின்மேல் அவளுக்கு ஊனத்தின் பேரால் பாத்தியதை ஏற்படவேண்டுமானால், அவன் செத்திருக்க வேண்டும். அவளுக்கும் 50 வயது நிறைந்திருக்க வேண்டும்! விதவையானால்தான் கவனிப்போம் என்கின்ற சட்டத்துக்கு நமது சாஸ்திரங்கள் எவ்வளவோ தேவலை என்று யாரேனும் பேசக் கிளம்புவார்கள். அவர்களுக்கும் இடங்கொடுக்க மாட்டோம். இரண்டும் பெண்ணைச் சொத்தாகப் பார்ப்பவைகளே.

1935-ம் வருஷத்துச் சட்டத்தில் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் சேர்க்காமலே விட்டார்கள். அந்நாளில் அமெரிக்கக் கறுப்பு மக்களில் பெரும்பகுதியினர் பிழைத்து வந்தது அந்த இரண்டு வேலைகளில்தான். 1950, 1954 திருத்தங்களில்தான் அவர்களுக்குப் படிப்படியாக இடம் கிடைத்தது. கட்டவிடாமல் வெளியே நிறுத்திவிட்டு, பிற்பாடு "நீ கட்டவில்லையே" என்பது, படிக்கவிடாமல் தடுத்துவிட்டு "உனக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லுவதற்குச் சமமானதல்லவா? அந்தப் பாட்டு நமக்குப் பழகினதுதான்.

மற்றொரு பக்கம் பாருங்கள். 2025-ல் வருஷம் 1,76,100 டாலருக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு இந்த வரியே கிடையாது. பத்து லட்சம் சம்பாதிக்கின்ற கம்பெனி மானேஜர், மார்ச்சு மாதம் முடிவதற்குள்ளாகவே வருஷ வரியைக் கட்டித் தீர்த்துவிட்டுக் கால்மேல் கால் போட்டுக் கொள்ளுகின்றார். தட்டுக் கழுவுகின்றவன் டிசம்பர் 31 வரையில் கட்டிக் கொண்டே இருக்கின்றான். கட்டின பெருமையைப் பற்றிப் பேசுகின்றவர்கள் இதையும் சேர்த்துப் பேசட்டும்.

அந்தத் தட்டுக் கழுவினவன் கதையையே முடித்துவிடுவோம். அற்பக் கூலிக்குப் பல வருஷம் வேலை செய்தவனுக்கு இன்ஷூரன்ஸ் படி மாதம் 500 டாலர்தான் என்று கணக்கானால், அவனுக்குத் துணைப்படியும் சேர்த்துக் கொடுக்கலாம். எப்படியென்றால், 500-இல் 20-ஐத் தள்ளி, மீதி 480-ஐ 967-இல் கழித்து 487 கொடுப்பார்கள். ஆகமொத்தம் 987. ஒருநாளும் வரி கட்டாதவனுக்கு 967. ஆயுள் முழுவதும் கட்டினவனுக்கு 987. இருபது டாலர்தான் அந்த உழைப்பின் மகிமை! அந்த 20 டாலர் தள்ளுபடியும் 1974-ல் வைத்தது. அப்போது மாதப் படியே 140 டாலர்தான். படியின் தொகை விலைவாசியை அனுசரித்து ஏறிற்று. தள்ளுபடி ஏறவில்லை. உழைத்தவனை மதிக்கின்றோம் என்று சொல்லித்தானே இரண்டு ஜாதி ஏற்படுத்தினார்கள்? உழைத்த ஏழை அப்போதும் கீழ் ஜாதியிலேயே வந்து விழுகின்றான் என்றால், மதிக்கப்படுவது உழைப்பா, சம்பளமா?

நிற்க. முதல் வாசல்காரர்கள் சுகமாயிருக்கின்றார்கள் என்றும் யாரும் எண்ணிவிட வேண்டாம். ஊனம் ஏற்பட்ட பிறகு முழுதாக ஐந்து மாதம் ஒன்றும் கிடையாது. படி ஆரம்பித்து 24 மாதம் கழிந்த பிறகுதான் மெடிக்கேர் என்னும் வைத்திய உதவி. துணைப்படிக்காரனுக்கோ பெரும்பாலான மாகாணங்களில் மெடிக்கெய்டு என்னும் ஏழை வைத்தியம் உடனே உண்டு. கட்டினவனுக்கு இரண்டு வருஷம் வைத்தியமில்லை, கட்டாதவனுக்கு உண்டு என்கின்ற இந்த விநோதத்துக்கு யாரும் நியாயம் சொல்லக் கேட்டதில்லை. நரம்பு செயலிழந்து சிறிது சிறிதாகக் கொல்லுகின்ற ஏ.எல்.எஸ். என்கின்ற வியாதிக்கு மாத்திரம் 2001-ல் வைத்தியக் காத்திருப்பையும், 2020-ல் ஐந்து மாதக் காத்திருப்பையும் எடுத்தார்கள். மற்ற வியாதிக்காரர்கள் காத்துக்கொண்டே சாகலாம்.

விண்ணப்பங்களில் பெரும்பாலானவை முதல் தடவை தள்ளப்படுகின்றன. தள்ளுவதற்கு ஒரு சாமர்த்தியம் வைத்திருந்தார்கள். "உன் பழைய வேலை உன்னால் முடியாதுதான், ஆனால் உட்கார்ந்தபடி கொட்டை பொறுக்கிப் பிரிக்கின்ற வேலை தேசத்தில் இருக்கின்றதே" என்று எழுதிவிடுவது. இந்த வேலைப் பட்டியல் 1991-க்குப் பிறகு திருத்தப்படாதது. இல்லாத வேலையைக் காட்டி இருக்கின்ற ஊனத்தை மறுத்து வந்தார்கள். 2022-ல் பத்திரிகைகள் இதை அம்பலப்படுத்தின. 2024 ஜூன் மாதத்தில் 114 வேலைகளை அப்படிக் காட்டக்கூடாதென்று இலாகாவே சொல்லிவிட்டது. சொர்க்கத்தில் இடமிருக்கின்றது என்று காட்டுகின்ற நமது குருக்களாவது ஆளைச் சாகச் சொல்லிவிட்டுக் காட்டுகின்றார். 1981 முதல் பிரசிடெண்டு ரீகன் சர்க்கார், ஏற்கெனவே படி வாங்கிக் கொண்டிருந்தவர்களையே மறுபரீட்சை என்ற பேரால் லட்சக்கணக்கில் தள்ளி, அப்பீலில் ஏராளமானோர் திரும்ப ஜெயித்துவர, 1984-ல் காங்கிரஸ் சபை சட்டம் செய்துதான் அந்த ஆட்டத்தை நிறுத்தவேண்டியிருந்தது.

இவ்விரண்டுக்கும் மேலாக ஒரு மேல் ஜாதியும் இருக்கின்றது. பட்டாளத்தில் காயமடைந்தவர்களுக்கு வேறொரு இலாகா, ஊனத்தை நூற்றுக்குப் பத்து, இருபது என்று அளந்து படி கொடுக்கின்றது. நூற்றுக்கு நூறு என்று முடிவானால் 2025-ல் தனி ஆளுக்கு மாதம் 3,831 டாலர். சொத்து விசாரணை கிடையாது. இதனால் இன்ஷூரன்ஸ் படியும் குறையாது. சிப்பாயிக்குக் கொடுப்பதில் நமக்குப் பொறாமையில்லை. சுரங்கத்தில் கால் போனவனுக்கும் சண்டையில் கால் போனவனுக்கும் கால் ஒன்றுதானே என்றுதான் கேட்கின்றோம்.

போர்ட்டோரிக்கோ தீவுக்காரர்கள் 1917 முதல் அமெரிக்கப் பிரஜைகள். இன்ஷூரன்ஸ் வரி கட்டுகின்றார்கள். இன்ஷூரன்ஸ் படியும் பெறுகின்றார்கள். துணைப்படி மாத்திரம் அத்தீவில் கிடையாது. நியூயார்க்கில் அதை வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் தீவுக்குக் குடிபோனதும், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடு என்று சர்க்கார் வழக்காடிற்று. 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டார் எட்டுப் பேருக்கு ஒருவராக, தீவுக்குக் கொடுக்காமலிருக்க அதிகாரமுண்டு என்று தீர்ப்பளித்தார்கள். தீவுக்காரர்கள் வருமான வரியைப் பெரும்பாலும் கட்டுவதில்லை என்பது காரணம். துணைப்படிக்குத் தகுதியான ஏழைக்கு எந்த ஊரில்தான் வருமான வரி வந்தது?

நமது ஜில்லாக்களிலிருந்து எச்-1பி அனுமதியில் அங்கே வேலைக்குப் போயிருக்கின்ற பிள்ளைகளின் சம்பளத்திலும் இந்த 6.2 பிடிக்கப்படுகின்றது. 40 கிரெடிட்டு சேருவதற்குள் ஊர் திரும்பினால் முதுமைப் பென்ஷன் கிடையாது. இரு தேசத்துக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளும் உடன்படிக்கையும் 2025 முடிய இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்படவில்லை. ஆனால் ஊன இன்ஷூரன்ஸ், வாலிபர்களுக்குக் குறைந்த கிரெடிட்டிலேயே உண்டு என்பதை அவர்களில் பலர் அறியார். துணைப்படியோ, 1996-ம் வருஷத்துச் சட்டப்படி இப்படி அனுமதிச் சீட்டில் போயிருப்பவர்களுக்குக் கிடையாது. அங்கே விபத்தில் அகப்பட்ட பிள்ளைக்கு யாராவது "இங்கே பிறநாட்டாருக்கு ஒன்றும் கிடையாது" என்று சொன்னால், எந்த வாசலைப் பற்றிச் சொல்லுகின்றார் என்று முதலில் கேட்கும்படி பெற்றோர்கள் எழுதவேண்டும். தள்ளுபடி உத்தரவு வந்தால் 60 நாளுக்குள் அப்பீல் செய்யவேண்டும். புதிதாக விண்ணப்பம் போட்டால் பழைய தேதியும், அத்தேதி முதல் சேரவேண்டிய பாக்கியும் போய்விடக்கூடும். வக்கீல் கூலி சாதாரணமாக அந்தப் பாக்கியில் நாலில் ஒரு பங்கு. 2024 நவம்பர் 30 முதல் 9,200 டாலர் உச்சம் என்று வைத்திருக்கின்றார்கள். அதுவும் ஜெயித்த பிறகுதான். முன்கூலி கேட்கின்றவனிடம் போகவேண்டாம்.